திண்டுக்குள் வைத்துத் தைத்த பட்டன்

கார்களுக்கு சீட் கவர் தைப்பதுதான் அவருக்குத் தொழில். ரயில் பாதையை ஒட்டிய சந்தில் கடை. மூன்று தையல் மெஷின்கள், கூரை வரைக்கும் அடுக்கிய ஸ்பஞ்ச், எந்நேரமும் பசை வாடை. வியாபாரத்துக்கு ஒரு குறையும் இல்லை. அவர் தைத்த சீட்டில் உட்கார்ந்தால் சிக்னலிலேயே தூங்கிப்போவார்கள் என்று பக்கத்துக் கடை மெக்கானிக் கிண்டல் செய்வார். ஊரையே சொகுசாக உட்கார வைத்த அந்த மனுஷன் தன் ஆயுசில் ஒருநாள்கூட நிம்மதியாக உட்கார்ந்தவர் இல்லை என்பதுதான் வேடிக்கை.

பயம். எதற்கெடுத்தாலும் பயம். கேஸை மூடினோமா என்று பாதித் தெரு போனபிறகு திரும்பி ஓடி வருவார். மூடித்தான் இருக்கும். மகள் பள்ளியில் சுற்றுலா போன அன்று, பஸ் பின்னாலேயே ஸ்கூட்டரில் போய், பெட்ரோல் தீர்ந்து, நடுவழியில் நின்று, கடைசியில் அதே பஸ்ஸில் ஏறி வீடு வந்து சேர்ந்தார். மகள் அதற்கப்புறம் ஒரு மாதம் அவரோடு பேசவில்லை.

"டேய், நீ பொறக்கும்போதே பதறிக்கிட்டுத்தான் பொறந்தே" என்பார் மாடி வீட்டில் குடியிருக்கும் கூடப்பிறந்த அக்கா. அக்காவுக்கு அவரைவிட எட்டு வயது அதிகம். வாய் எண்பது வயது அதிகம்.

அவர் மனைவிக்கு ஃபிரிட்ஜ் கம்பெனி ஒன்றில் புகார் கேட்கிற வேலை. காதில் ஒரு ஹெட்செட், எதிரே ஒரு திரை, பக்கத்தில் ஒரு தண்ணீர் பாட்டில். ஐஸ் உருகிவிட்டது, கதவு மூடவில்லை, ஆள் வரவில்லை என்று காலையிலிருந்து மாலைவரை முகம் தெரியாதவர்கள் அவளைத் திட்டுவார்கள். "உங்க சிரமத்துக்கு வருந்துறோம் சார்" என்று அவளும் வருந்திக்கொண்டே இருப்பாள். மகளுக்குப் பால் பற்கள் விழுந்த காலத்தில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவள், மகள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனபிறகும் அதே நாற்காலியில்தான் இருந்தாள்.

இரண்டு பேருக்கும் நடுவே ஒரு வழக்கம் உண்டு. வேலை முடிந்து பஸ் ஏறும்போது அவள் ஒரு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். இறங்கியதும் இன்னொன்று. இவர் எடுக்க மாட்டார். மணி அடித்தால் போதும், மெஷினில் கால் தானாக அழுத்தும். இரண்டாவது மணி கொஞ்சம் தாமதமானால் போச்சு. கத்தரியைக் கையில் பிடித்தபடியே பஸ் ஸ்டாப்புக்கு ஓடிவிடுவார். கத்தரியோடு ஓடி வருகிற மனுஷனைப் பார்த்து ஸ்டாப்பில் நிற்கிறவர்கள் அலறி ஒதுங்கிய கதையெல்லாம் உண்டு. அவள் ஒருநாளும் அந்த மிஸ்டு காலைத் தவறவிட்டதில்லை. அன்பு என்றே இவர் நினைத்தார். அன்பும்தான்.

புகார் கேட்கிற வேலையை இனி மெஷினே பார்த்துக்கொள்ளும் என்று கம்பெனி அந்தப் பிரிவை இழுத்து மூடியது. அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். அவள் அழவில்லை, புலம்பவில்லை. விடிந்ததும் பார்க்கில் நடக்க ஆரம்பித்தாள். பிறகு பார்க்கைத் தாண்டி ஏரிக்கரை வரைக்கும். பிறகு ஊரைத் தாண்டி. ஒருநாள் இவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"என்னங்க, நான் நடக்கப் போறேன்."

"போயிட்டு வா. குடை எடுத்துக்கோ."

"பார்க்குக்கு இல்லங்க. வெளிநாட்டுல ஒரு பாதை இருக்கு. மலை மேலயே போகுமாம். நடந்து முடிக்க ஆறு மாசம் ஆகும்."

இவருக்குப் புரையேறிவிட்டது. தலையில் தட்டி, தண்ணீர் கொடுத்து, மூச்சு சீரானபிறகு பார்த்தால் அவள் எல்லா ஏற்பாடும் முடித்து வைத்திருந்தாள். விசா, டிக்கெட், கூடாரம், அடுப்பு. கல்லைப் போல உறுதியாக இருந்தாள்.

அக்கா மாடியிலிருந்து இறங்கி வந்து ஒரு பாட்டம் ஆடித் தீர்த்தார். "நடக்கிறதுக்கு யாராவது ஃப்ளைட் புடிச்சுப் போவாங்களா? இங்க ரோடே இல்லையா? நாங்கல்லாம் தவழ்ந்துக்கிட்டா இருக்கோம்?"

"அண்ணி, இத்தனை வருஷமா அடுத்தவங்க திட்டுறதைக் காதுல வாங்கியிருக்கேன். கொஞ்ச நாள் யாருமே பேசாத இடத்துல இருக்கணும். அவ்வளவுதான்."

"அப்ப எங்க பேச்செல்லாம் உனக்குத் திட்டு மாதிரி இருக்கா?"

அவள் சிரித்தாள். அக்கா திகைத்துப்போனார். அந்த வீட்டில் அக்காவுக்கு அடுத்த வார்த்தை கிடைக்காமல் போனது அதுவே முதல் தடவை.

தனியாக இருக்கும்போது இவர் கேட்டார், "திரும்பி வருவேல்ல?"

"வருவேன்னுதான் நினைக்கிறேன்" என்றாள். விளையாட்டுக்குச் சொன்னாளோ, நிஜமாகச் சொன்னாளோ. அந்த 'நினைக்கிறேன்' இவர் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. அதற்கப்புறம் அது வெளியே வரவே இல்லை.

எங்கே இருக்கிறாள் என்று காட்டுகிற கருவி ஒன்றைக் கொண்டுபோகச் சொல்லிக் கெஞ்சினார். மாட்டேன் என்றாள். "நான் எங்க இருக்கேன்னு எனக்கே தெரியாம கொஞ்ச நாள் இருக்கணும்ங்க. மிஸ்டு கால் கூட கிடையாது. ஊர் ஏதாவது வந்தா நானே பேசுறேன்." மகளிடம் போய் முறையிட்டார். "விடுங்கப்பா, அம்மா என்ன குழந்தையா?" என்று அவளும் கையை விரித்தாள்.

என்ன செய்வார்? தனக்குத் தெரிந்ததைச் செய்தார். கடையில் இருப்பதிலேயே நல்ல ஸ்பஞ்சை எடுத்து, தண்ணீர் இறங்காத துணியில், மடக்கி வைக்கிற மாதிரி ஒரு சின்னத் திண்டு தைத்தார். விலை உயர்ந்த கார்களுக்குப் போடுகிற கருப்பு நைலான் நூல், இரட்டைத் தையல்.

"நடக்கப் போறவளுக்கு எதுக்குங்க சீட்டு?"

"எங்கயாவது உட்காருவேல்ல? பாறையில உட்கார்ந்தா இடுப்புல குளிர் ஏறிடும்."

அவள் அதை வாங்கிக் கையில் அழுத்திப் பார்த்தாள். கண் கலங்கியது. பையின் மேலேயே வைத்துக் கட்டிக்கொண்டாள். இவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார், ஆனால் காரணம் வேறு. அந்தத் திண்டின் நடுவே, ஸ்பஞ்சைக் குடைந்து, சாவிக்கொத்து தொலைந்தால் தேடுவதற்காக விற்கிறார்களே, அந்தப் பட்டன் ஒன்றை வைத்துத் தைத்திருந்தார். பக்கத்தில் எவனாவது போனோடு கடந்து போனால் போதும், பட்டன் இருக்கிற இடம் இவர் போனில் ஒரு பச்சைப் புள்ளியாகத் தெரியும். செல்போன் கடைப் பெண்ணிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட சூட்சுமம். அப்போது ஒரு ஈ காக்காவுக்குக்கூடச் சொல்லவில்லை.

அவள் போனாள். வீடு வெறிச்சென்று ஆனது. காலையில் கடை திறந்ததும் முதல் வேலை போனைப் பார்ப்பது. முதல் நாட்களில் புள்ளி காய்ந்த நிலத்தில் ஊர்ந்தது. பிறகு மலையில் ஏறியது. சில நாள் ஒன்றுமே தெரியாது. அன்று தையல் கோணல்மாணலாக ஓடும். பிறகு எவனாவது புண்ணியவான் அவளைக் கடந்து போயிருப்பான், புள்ளி ஒரே தாவாகத் தாவி முன்னால் வந்து நிற்கும். மனுஷனுக்கு உயிர் திரும்பும்.

அக்கா தினமும் படியிறங்கி வரும்போதே கேட்பார், "எங்க இருக்காளாம் இப்ப?"

"ஏதோ ஏரிக்கரையாம். இன்னைக்குப் பெரிய ஏத்தமாம்."

"போன் பண்ணினாளா?"

"ம்ம்."

பொய்தான். நிஜமாக அவள் பேசியது நாலைந்து தடவை இருக்கும். குரல் கரகரவென்று இருக்கும். சாப்பிட்டாயா, கால் வலிக்கிறதா, உடம்புக்கு ஒன்றுமில்லையே என்று இவர் அடுக்கிக்கொண்டே போவார். "ஒண்ணுமில்லங்க, நல்லா இருக்கேன்" என்று முடித்துவிடுவாள்.

ஆனால் புள்ளி பொய் சொல்லாது என்று இவருக்கு நம்பிக்கை. என்ன நடை அது! ஒரு நாளும் ஒரே இடத்தில் கிடக்காது. "என் பொண்டாட்டி ஒருநாள்கூட நிக்கலப்பா" என்று மெக்கானிக்கிடம் மார்தட்டிக்கொண்டார். பிறகு அந்த மெக்கானிக் ஒருவரிடம் மட்டும் விஷயத்தை உளறி வைத்திருந்தார். ஒரே ஒரு தடவை, காலையிலிருந்து புள்ளி அசையவில்லை. ஆட்கள் கடந்துபோகிற இடம்தான், புள்ளி புதுசாகத்தான் காட்டுகிறது, ஆனால் அதே இடம். இவருக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. யாரைக் கூப்பிடுவது? எந்த நாட்டுப் போலீஸிடம் என்ன பாஷையில் என்னவென்று சொல்வது? போனைப் பிடித்துக்கொண்டு மெஷின் அடியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு புள்ளி மெல்ல நகர்ந்தது. அந்தச் சந்தோஷத்தில் சந்து முழுக்க டீ வாங்கிக் கொடுத்தார். எதற்கு என்று யாருக்கும் தெரியாது. ஓசி டீயை யார் விசாரித்துக் குடிக்கிறார்கள்?

பாதையில் முக்கால்வாசி முடிந்திருக்கும். ஒருநாள் புள்ளி பாதையை விட்டு விலகி ஒரு சிற்றூரில் நின்றது. மறுநாள் தார் ரோட்டில் பறந்தது. நடையில்லை அது, வண்டி வேகம். பிறகு ஒரு பெரிய நகரம். பிறகு அந்த நகரத்து விமான நிலையம்.

இவர் எழுந்து நின்றார். தைத்துக்கொண்டிருந்த சீட் கீழே விழுந்தது. "வர்றாய்யா!" என்று கத்தினார். "வீட்டுக்கு வர்றா!"

அவ்வளவுதான், தலைகால் புரியவில்லை மனுஷனுக்கு. மகளுக்குப் போன் பறந்தது. "சொல்லாம வந்து நம்மள அசத்தப் பாக்குறாம்மா. நீயும் கிளம்பி வந்துடு." எப்படித் தெரியும் என்று அவள் கேட்டதற்கு, மனசு சொல்லுது என்று சமாளித்தார். அக்கா முந்தானையைச் செருகிக்கொண்டு இறங்கி வந்து வீட்டை ஒட்டடை அடித்தார். "பரவாயில்ல, அவளுக்கும் புத்தி வந்துடுச்சு" என்று திட்டிக்கொண்டே அவள் படுக்கைக்குப் புது விரிப்புப் போட்டார். இவர் முடி வெட்டிக்கொண்டார். சாயம்கூட அடித்துக்கொண்டார், காதோரம் கொஞ்சம் வழிந்து கறையாகிவிட்டது.

புள்ளி ஊர் விமான நிலையத்தில் தெரிந்த காலையில், இவரும் மெக்கானிக்கும் மெக்கானிக்கின் வேனில் போனார்கள். வருகிறவர்கள் வெளியே வரும் வாசலில் இவர் கம்பியைப் பிடித்தபடி நின்றார். ஆட்கள் வந்தார்கள், வந்துகொண்டே இருந்தார்கள். மூட்டை தூக்கிய ஒவ்வொரு பெண்ணும் தூரத்தில் அவள் மாதிரியே தெரிந்தாள். மெலிந்திருப்பாள், கறுத்திருப்பாள், அதனால் அடையாளம் தெரியவில்லையோ என்று ஒவ்வொரு முகமாக உற்றுப் பார்த்தார். ஒரு அம்மாள் முறைத்துவிட்டுப் போனார். மத்தியானம் ஆனது. போனைப் பார்த்தால் புள்ளி விமான நிலையத்தில் இல்லை. ஊருக்கு வெளியே, நெடுஞ்சாலை ஓரம் நிற்கிறது.

"யாரோ கூட்டிட்டுப் போயிட்டாங்கய்யா!" போனை மெக்கானிக்கின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"அண்ணே, பதறாதீங்க, ஏறுங்க" என்று மெக்கானிக் வேனை விரட்டினார்.

நெடுஞ்சாலை ஓரம் தகரக் கூரை போட்ட பெரிய கொட்டகை. லாரிகள் பின்பக்கமாக ஒட்டி நின்றன. இவர் இறங்கி ஓடி வாசல் காவலாளியின் கையைப் பிடித்துக்கொண்டார். "என் மனைவி உள்ள இருக்காங்க. வெளிநாட்டுலேர்ந்து வந்திருக்காங்க. பெரிய பை வெச்சிருப்பாங்க. கொஞ்சம் கூப்பிடுங்க."

காவலாளி அவரை மேலும் கீழும் பார்த்தார். காதோரச் சாயத்தையும் பார்த்தார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார். "ஐயா, இது பார்சல் கிடங்கு. இங்க ஆளுங்க யாரும் வர மாட்டாங்க. சாமான்தான் வரும்."

மெக்கானிக் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

மறுநாள் அந்தப் பெட்டி வீடு தேடி வந்தது. மகளும் வந்திருந்தாள், அக்காவும் இருந்தார். பெட்டியைப் பிரித்தார்கள். கூடுதலாக இருக்கட்டும் என்று இவர் திணித்த டார்ச், விசில், ரப்பர் விரிப்பு, மருந்துப் பை எல்லாம் வரிசையாக வந்தன. அடியில் திண்டு. ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

"இதுக்கா என்னை ஒட்டடை அடிக்க வெச்சே?" என்று ஆரம்பித்த அக்கா, தம்பியின் முகத்தைப் பார்த்து அடங்கிவிட்டார்.

கனமான சாமான்களை வழியில் திருப்பி அனுப்புவது நடக்கிறவர்களின் வழக்கம் என்று மகள் ஏதோ சமாதானம் சொன்னாள். இவர் காதில் விழவில்லை. திண்டை மடியில் வைத்து ஓரங்களைத் தடவிக்கொண்டிருந்தார். முப்பது வருஷம் தையல் தடவிய விரல். ஒரு மூலையில் நின்றுவிட்டது. அங்கே விரல் நீளத்துக்குக் கருப்பு நூல் இல்லை. பல் இடுக்கில் அழுக்கெடுக்க விடுகிற மெழுகு நூலால் கோணல் கோணலாகத் தைத்திருந்தது. நூல் அழுக்கேறி, துணியின் மண் நிறத்துக்கே மாறியிருந்தது. போட்டு மாதக்கணக்கில் ஆன தையல். பிரித்துப் பார்த்தார். பட்டன் உள்ளே வைத்த இடத்திலேயே இருந்தது.

பிரித்திருக்கிறாள். பார்த்திருக்கிறாள். திரும்ப உள்ளேயே வைத்துத் தைத்திருக்கிறாள்.

"அப்பா, இது என்ன?" மகள் பட்டனைக் கையில் எடுத்தாள். அவளுக்குப் புரிய நேரம் பிடிக்கவில்லை. தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ, தெரியாத பட்டன் ஒண்ணு கூடவே வந்தா, அம்மா போனே சத்தம் போட்டுக் காட்டிக் கொடுத்துடும்பா. திருட்டுத்தனமா யாரும் யாரையும் பின்தொடரக் கூடாதுன்னு அப்படித்தான் செஞ்சு வெச்சிருக்காங்க. போன முதல் வாரத்துலயே தெரிஞ்சிருக்கும்."

இவர் கூனிக் குறுகிப்போனார். திருட்டுத்தனம் என்ற வார்த்தையை மகள் வாயால் கேட்க வேண்டியிருந்தது.

அவள் போன் அன்று சாயங்காலம் வந்தது. மகளும் அக்காவும் மாடிக்குப் போய்விட்டார்கள்.

"பார்சல் வந்துச்சாங்க?"

"வந்துச்சு."

"எல்லாம் இருந்துச்சா?"

"இருந்துச்சு." திண்டை மடிக்கு இழுத்துக்கொண்டார். "நான் உள்ள வெச்சுத் தைச்சது..."

"தெரியும்ங்க. ஆரம்பத்துலயே தெரியும்."

"அப்பவே தூக்கிப் போட்டிருக்கலாம்ல?"

"போட்டா நீங்க என்ன ஆவீங்க?" அவள் குரலில் கோபம் இல்லை, அதுதான் தாங்கமுடியவில்லை. "சரி, இருக்கட்டும், அவரு பாத்துக்கிட்டிருக்கட்டும்னு தூக்கிட்டு நடந்தேன். கால் கொப்புளமாயிருக்கும், ஒருநாள் படுக்கலாம்னு தோணும். நின்னா பயந்துடுவாரேன்னு நடப்பேன். நீங்க தைச்சுக் கொடுத்த சீட்டுல ரொம்ப நேரம் உட்கார்ந்ததே இல்லங்க. நடுவுல ஒரு தடவை நல்ல காய்ச்சல். காலையில கூடாரத்தை விட்டு எந்திரிக்கவே முடியல. மத்தியானம் வரைக்கும் பாத்தேன். நீங்க என்ன பாடுபடுறீங்களோன்னு எந்திரிச்சு நடந்தேன். வழியெல்லாம் வாந்தி. கூட வந்தவங்க பைத்தியமான்னு கேட்டாங்க."

சந்து முழுக்க டீ வாங்கிக் கொடுத்தது இவருக்கு ஞாபகம் வந்தது. யார் யார் குடித்தார்கள், மெக்கானிக் என்ன சொல்லிச் சிரித்தார், எல்லாம் ஞாபகம் வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

"அழறீங்களா?"

"இல்ல."

"இனிமே முடியலங்க. அதான் அனுப்பிட்டேன். மீதிப் பாதையை எனக்குத் தோணும்போது நின்னு, தோணும்போது நடந்து முடிக்கிறேன். இப்ப ஒரு ஊர்ல தங்கியிருக்கேன். ஒரு வாரம் படுத்துத் தூங்கப் போறேன்."

சரிம்மா, தூங்கு. நல்லா தூங்கு. அவர் சொல்ல நினைத்தது அதுதான். நெஞ்சாரச் சொல்ல நினைத்தார். வாய் பழகிய வழியில் போய்விட்டது.

"எந்த ஊரு?"

அந்தப் பக்கம் எங்கோ ஒரு கதவு மூடுவது மட்டும் கேட்டது.

"வெச்சுடறேங்க" என்றாள்.

காலையில் கடைக்குக் கிளம்பும்போது பட்டனை மேசைமேல் பார்த்தார். போனை எடுத்துத் திறந்தார், பழக்கம். பச்சைப் புள்ளி அவர் வீட்டின்மேலேயே அசையாமல் நின்றது. போனை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டார். கேஸை மூடினோமா என்று திரும்பிப் பார்க்கவில்லை.

அக்கா படியில் இறங்கி வந்துகொண்டிருந்தார். கையில் ஈரத் துணி வாளி. தம்பியின் முகத்தைப் பார்த்தார், கேட்கலாமா வேண்டாமா என்று ஒரு படியில் நின்றார், ஆனாலும் கேட்டுவிட்டார்.

"எங்க இருக்காளாம் இப்ப?"

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தார்.

"தெரியலக்கா."